அமிர்தநாதரின் வானில் செலீன் ஏறிய நாள்

ரொறன்ரோவின் மல்வேர்னில் செலீனைத் தெரியாத தமிழர் இருக்கலாம். அவளுடைய நடையைப் பார்க்காதவர் இருக்க முடியாது. தலையில் நீலத் தொப்பி, முதுகில் சின்னப் பை, கையை வீசி வீசி ஒரு நடை. பஸ் தரிப்பில் குளிரில் விறைத்து நிற்கும் சனத்தைக் கடந்து அவள் விறுவிறென்று போவாள். "பாவம், மனுசன் ஒரு காரைக்கூட வாங்கிக் குடுக்கேல்லைப் போல" என்று பின்னால் யாராவது இரங்குவார்கள். மனுசன் கஸ்பர் வாங்கித்தான் வைத்திருந்தான். இவளுக்குத்தான் ஓட வரவில்லை. லைசென்ஸ் பரீட்சையில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் கோட்டை விட்டாள். கடைசி முறை, பரீட்சகர் பாதி வழியில் இவளை இறக்கிப் பக்கத்து சீற்றில் இருத்திவிட்டுத் தானே காரை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அதோடு அந்த ஆசைக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

கார் ஓடத் தெரியாத தமிழ்ப் பெண்ணின் பாடு ரொறன்ரோவில் எப்படிப் போகும் என்று அனுபவித்தவர்களைத்தான் கேட்க வேண்டும். பூசைக்கு லிஃப்ட், கலியாணவீட்டுக்கு லிஃப்ட், செத்தவீட்டுக்கும் லிஃப்ட். தருகிறவர் வெளிக்கிடும்போது வெளிக்கிட வேண்டும், அவர் எழும்பும்போது எழும்ப வேண்டும். நடுவில் அவர் எந்த வீட்டு வாசலில் நிறுத்தினாலும் இறங்கிப் போய்ப் பல்லைக் காட்டித் தேத்தண்ணி குடிக்க வேண்டும். வாய் திறந்தால், ஏறிவந்த நன்றி இல்லை என்று பெயர். செலீன் இதையெல்லாம் ஏழெட்டு வருடம் வாய்மூடிப் பார்த்தவள்.

பிறகு ஒரு செப்ரெம்பரில் நகரத்து பஸ்காரர் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் அவளுக்கு விடியற்காலை வேலை. யாரிடமும் கேட்கப் பிடிக்காமல் நடந்தே போனாள். முதல் நாள் கால் கொப்பளித்தது. நாலாம் நாள் பார்த்தால், வேலைக்குப் போய்ச் சேர மனமில்லாமல் இன்னும் ஒரு தெருவைச் சுற்றிப் போகிறாள். வேலைநிறுத்தம் முடிந்தது, இவள் நடையை முடிக்கவில்லை. நினைத்த நேரம் வெளிக்கிடலாம், நினைத்த இடத்தில் திரும்பலாம், ஒருவருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை. இப்படி ஒரு சுகம் உலகத்தில் இருப்பதை நாற்பது வயதுவரை தனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று அவளுக்குக் கோபங்கூட வந்தது.

அந்தச் சலவைப் பகுதியின் மேலாளர் பார்பராதான் அவளைத் தன்னுடைய நடைக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பெரும்பாலும் ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுத் தடங்களில் வரிசையாக நடப்பார்கள், பாணைக் கடித்துக்கொண்டு குருவி பார்ப்பார்கள். செயலாளர் றொபேட் ஒரு காலத்தில் பாடசாலை அதிபர். நேரம் தவறினால் கர்த்தரையே வெளியில் நிறுத்துகிற ஆள். செலீன் சேர்ந்த அன்றே, இங்கே சொன்ன நேரத்துக்குத் தொடங்குவோம் என்று சிரித்தபடி சொன்னார். பக்கத்தில் வேறு புது ஆட்களும் நின்றார்கள். அவர்களுக்கு அதைச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களின் ஆறு மணிக் கலியாணம் எட்டரைக்குத் தொடங்கும் கதை அவர் காதுக்கும் எட்டியிருக்குமோ என்று செலீனுக்குள் சுருக்கென்றது. அன்றிலிருந்து எல்லா நடைக்கும் எல்லாருக்கும் முந்தி வந்து நின்றவள் அவள்தான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆனி மாதம் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. கழகத்தில் வருடத்துக்கு ஒருமுறை இரண்டு தடம் நடக்கும் நாள் ஒன்று உண்டு. காலையில் நகரத்துக்கு மேற்கே, மில்ரனுக்குப் பக்கத்துப் பாறைமேட்டில் நடந்துவிட்டு, கார்களில் ஏறி நகரத்தைக் கிழக்காகக் கடந்து வந்து, பின்னேரம் றூஜ் பள்ளத்தாக்கில் நடப்பார்கள். அந்தப் பின்னேர நடைக்கு செலீன் வழிகாட்டி. நாலு மணிக்கு மிருகக்காட்சிச்சாலையான ஸூவுக்குப் பக்கத்து வாகனத் தரிப்பிடத்தில் தொடக்கம். கால்மணி நேரம் பார்ப்பார்கள், வழிகாட்டி வராவிட்டால் றொபேட் கூட்டிக்கொண்டு போவார். அப்படித் தவறினவருக்கு வழிகாட்டி வேலை பிறகு கிடைப்பதில்லை.

இதிலே என்ன பெரிய விசயம் என்று கஸ்பர் கேட்டான். ஆணுக்கு அது விளங்காது. பிறந்த நாள் தொட்டுச் செலீன் பின்னால் போனவள். ஊர்காவற்றுறையில் பெருநாள் சுற்றுப்பிரகாரத்தில் பின்வரிசை, கலியாணம் கட்டினபின் புருசனுக்குப் பின்னால், கனடாவுக்கும் அவன் வந்து மூன்று வருடத்துக்குப் பின்னால். தான் முன்னுக்கு நடக்க, இருபது பேர் தன்னை நம்பிப் பின்னால் வருவதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்காக வேலையில்லாத சனிக்கிழமையெல்லாம் தனியே பஸ் எடுத்துப் போய், எந்த இடத்தில் சேறு, எந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும், எங்கே நின்றால் ஆறு தெரியும் என்று பாடமாக்கி வைத்திருந்தாள்.

அந்த நாளும் வந்தது. பாறைமேட்டில் காலை நடை நன்றாக முடிந்தது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. பார்பராவின் காரில் ஏறப்போன செலீனின் காதில் தமிழ் விழுந்தது.

"உது செலீன் அல்லோ? உங்கை என்ன செய்யிறியள்?"

திரும்பிப் பார்த்தாள். அமிர்தநாதர். கீழே ஏரிக்கரைப் பூங்காவில் அவர்களுடைய ஊர் ஒன்றியத்துப் பிக்னிக். மேலே காட்சி பார்க்கப் புது வானில் வந்திருக்கிறார். பக்கத்தில் மனைவி மரியம்மா, சேலையும் றப்பர்ச் செருப்பும்.

இந்த அமிர்தநாதர் யார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். செலீனின் மகள் நிரோஷினியும் இவருடைய மகன் யூட்சனும் யூனிவர்சிற்றியில் பழகி, கட்டினால் இவரைத்தான் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். பெரியவர்கள் கூடிப் பேசியாயிற்று. ஓம் என்ற ஒரு சொல் மட்டும் அமிர்தநாதரின் வாயில் இரண்டு கிழமையாக ஊறிக்கொண்டு கிடந்தது.

"நடக்க வந்தனான் அண்ணை. இப்ப றூஜுக்குப் போறம்."

"எங்கட வான் கிடக்க வெள்ளைக்காரியின்ர காரிலயோ போறது? சனம் பாத்தா என்ன சொல்லும்? நாங்களும் அந்தப் பக்கந்தானே. ஏறுங்கோ."

"நாலு மணிக்கு ஸூவடியில நிக்கவேணும் அண்ணை. பிந்தக்கூடாது."

"நாலு மணியோ? ரெண்டு மணிக்கே கொண்டுபோய் இறக்கிவிடுறன். பிறகு அங்க நிண்டு குரங்கு பாருங்கோ."

ஏறாவிட்டால் அடுத்த பூசைக்கு முன்னம் கதை பரவிவிடும். செலீனுக்கு எங்கட ஆட்களின்ர வான் காணாதாம், என்பார்கள். மகளின் காரியம் இருக்கிற இருப்பில் அவள் என்ன செய்வாள்? பார்பராவிடம் போய், இவர்கள் என் உறவுக்காரர், நான் இவர்களோடு வருகிறேன் என்றாள். நிச்சயமாகவா என்று பார்பரா இரண்டு தரம் கேட்டாள். நிச்சயமாக என்று இவளும் இரண்டு தரம் சொன்னாள். வேலியிலே போன ஓணானை எடுத்து மடியில் விடுவது என்றால் இதுதான்.

வான் கிழக்கே போகவில்லை, கீழே பூங்காவுக்குப் போனது. சொல்லாமல் போகலாமா? ஒவ்வொரு மேசையாகப் போய் அமிர்தநாதர் விடைபெற்றார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கோழிக்கால் தந்தார்கள். செலீனின் காற்சட்டையைப் பெண்கள் மேலும் கீழும் பார்த்தார்கள். புறப்படும் நேரத்தில், புரியாணி சமைத்த அண்டாவை ஒருவர் வானுக்குள் ஏற்றினார். அது மிசிசாகாவில் அருள்நாயகம் வீட்டு அண்டாவாம். போகிற வழியில் கொடுத்துவிடலாமாம்.

"வாசல்ல வைச்சிட்டு வாறது மட்டுந்தான்" என்றார் அமிர்தநாதர்.

ஒரு தமிழ் வீட்டு வாசலில் அண்டாவை வைத்துவிட்டு வந்த ஆளை இதுவரை யாராவது கண்டதுண்டா? அருள்நாயகம் உடுத்த சாரத்தோடு ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். தேத்தண்ணி வந்தது, ரோல்ஸ் வந்தது, அதற்குப் பிறகு வீடியோ வந்தது. அவருடைய கடைசி மகள் முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக் கொண்டாட்டம். ஏற்கனவே பாதி ஓடிக்கொண்டிருந்ததை, வந்த ஆட்கள் முழுதாகப் பார்க்கட்டும் என்று மனுசன் முதலுக்குச் சுற்றிவிட்டார். இயந்திரம் கிர்ரென்று சுற்றிய சத்தம் செலீனின் வயிற்றுக்குள் கேட்டது.

வந்தவர் போனவர் எல்லாரையும் கமெரா நிறுத்தி நிறுத்திக் காட்டியது. மண்டபத்துப் பலூன்களை ஒவ்வொன்றாகக் காட்டியது. செலீன் ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டினாள், மறுகாலை மடக்கி இந்தக் காலை நீட்டினாள். கதிரையின் நுனியில் இருந்து இருந்து கடைசியில் வாய்விட்டாள்.

"அண்ணை, போவமோ?"

"இந்தா, கேக் வெட்டுறதை மட்டும் பாப்பம். பாக்காமப் போனா அவைக்கு மனவருத்தமெல்லே."

கேக் வெட்டினார்கள். நூறு பேருக்கு ஊட்டினார்கள். மரியம்மா மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டு ரீவித் திரையைப் பார்த்தபடி இருந்தாள். இந்த மனுசிக்கு ஒரு அவசரமும் கிடையாதோ, கல்லோ மண்ணோ என்று செலீனுக்கு அவள் மேலேயும் எரிச்சல் வந்தது.

பார்பராவுக்கு அறிவிக்கவும் வழியில்லை. எல்லார் கையிலும் தொலைபேசி இருந்த காலம் அல்ல அது. கழகத்து ஆட்கள் இந்நேரம் எங்கேயாவது நிழலில் இருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்திருப்பார்கள்.

நானூற்றொன்று நெடுஞ்சாலைக்கு வந்தால் அங்கே கார்கள் அசையவில்லை. அமிர்தநாதருக்கு ஒரு குறுக்கு வழி தெரியுமாம். குறுக்கு வழி ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்று நின்று போனது. நடுவில் பெற்றோலும் அடித்தார். அடித்துவிட்டு, அங்கே நின்ற ஒரு பழைய வேலைத்தலத்துக் கூட்டாளியோடு வானின் மைலேஜ் பற்றிக் கதைத்தார். செலீன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு இருந்தாள். இந்தக் காலால் நடந்திருந்தால் இந்நேரம் பாதி நகரம் கடந்திருப்பேன் என்று அவளுக்குத் தோன்றியது. அது பொய்தான், ஆனாலும் அப்படி நினைக்கையில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஒருவழியாக மல்வேர்ன் வந்தது. அவளுடைய சொந்த மாடிக்கட்டிடத்தைத் தாண்டித்தான் வான் போனது. இனிக் கொஞ்சத் தூரந்தான். செலீன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வான் தமிழ்க் கடை வாசலில் நின்றது.

"விளைமீன் வந்திருக்குமாம். ரெண்டு நிமிசம்."

மீன் வாங்கப் போன யாழ்ப்பாணத்தான் இரண்டு நிமிடத்தில் வருவானா? செவுளைத் தூக்கிப் பார்த்தார், அமத்திப் பார்த்தார், மணந்து பார்த்தார், அது வேண்டாம் இதை வெட்டும் என்றார். கடைக் கண்ணாடிக்கு வெளியே செலீன் நின்றாள், இருந்தாள், திரும்பவும் நின்றாள். வாயைத் திறந்து ஏசினால் மகளின் கலியாணம் போகும். திறக்காவிட்டால் தன்னுடைய நடை. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மூன்று மணியளவில் வான் புறப்பட்டது. ஃபின்ச் சந்தியில் கிழக்கே திரும்ப வேண்டும். அமிர்தநாதர் நேரே வடக்குப் பக்கத்து வரிசையில் போய் நின்றார்.

"அண்ணை, ஸூ இந்தப் பக்கம்."

"தெரியும் தங்கச்சி. வெய்யிலுக்கு மீன் நாறிப்போகும். மார்க்கம் ரவுணில எங்கட வீட்ட வைச்சிட்டு, நீங்களும் வந்தது வந்தியள், ஒரு சோடா குடிச்சிட்டு, பிறகு கொண்டுபோய் விடுறன். உங்கட வெள்ளையள் எங்க போகப்போகுதுகள்? நிக்குங்கள்."

தலைக்கு மேலே வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? விளக்கு சிவப்பாக இருந்தது. செலீன் பக்கக் கதவை இழுத்துத் திறந்தாள்.

"நான் நடந்து போறன் அண்ணை" என்று சொல்லி இறங்கினாள்.

சம்மந்தம் போனால் போகட்டும் என்று அவள் நினைத்தது உண்மை. நினைத்த கையோடு மகளை எண்ணிப் பயந்ததும் உண்மை. பச்சை விழுந்தது, பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். வான் முன்னால் போய்விட்டது. திரும்பி வருவார் என்றுதான் செலீன் எதிர்பார்த்தாள். வரவில்லை. மீனுக்குத்தான் முதலிடம். ஸூவுக்குப் போகும் பஸ் வேறு தெருவில். அதைத் தேடிப் போகிற நேரத்துக்கு நடந்தே போகலாம். தன்னுடைய வேகத்துக்கு ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் இன்னும் ஐந்து நிமிடம். கால்மணி நேரம் பார்ப்பார்கள். போய்ச் சேரலாம்.

நடக்கத் தொடங்கின பிறகுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சேலையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி மரியம்மா வந்துகொண்டிருந்தாள்.

"ஏன் அக்கா இறங்கினியள்?" என்று செலீன் கேட்டாள். கேட்ட தொனி அவ்வளவு மரியாதையாக இருக்கவில்லை.

"தெரியேல்லை. நீங்கள் திறந்த கதவு திறந்தபடி கிடந்துது."

இரண்டு பேரும் நடந்தார்கள். செலீன் முந்திப் போவதும், திரும்பிப் பார்த்து நிற்பதும், பல்லைக் கடிப்பதுமாக இருந்தாள். மரியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. றப்பர்ச் செருப்பின் வார் விரலிடுக்கை அறுத்தது. விட்டுவிட்டு ஓடினால் நேரத்துக்குச் சேரலாம் என்று செலீனின் கால் சொன்னது. பழைய ஃபின்ச் தெருவில் வீடுகள் முடிந்து இரண்டு பக்கமும் பற்றை தொடங்கும் இடத்தில் மரியம்மா ஒரு கல்லில் இருந்துவிட்டாள்.

"நீங்கள் போங்கோ செலீன். நான் மெல்ல வருவன்."

ஆளில்லாத தெரு. அந்த மனுசிக்கு வழியும் தெரியாது, பாசையும் வராது. செலீன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். பிறகு தன் பையைத் திறந்து பிளாஸ்ரர் எடுத்து, குந்தியிருந்து அவளுடைய விரலிடுக்கில் ஒட்டிவிட்டாள். தன்னுடைய மேலதிகக் காலுறையையும் கொடுத்தாள். தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"இருந்து ஆறுங்கோ. சேர்ந்து போவம்."

அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

காலுறையும் செருப்புமாக மரியம்மா எழும்பி நடந்தாள். கொஞ்சத் தூரம் போனபிறகு தானாகவே பேசினாள்.

"கலியாணம் கட்டின நாள் தொடக்கம் அவர் நிப்பாட்டுற இடத்திலதான் நான் இறங்கிறன். எங்க போறம் எண்டு கேக்கிறதையும் விட்டிட்டன். கேட்டா மட்டும் என்ன, வழியில மாறிப்போகும். அந்தக் கேக் வெட்டுற வீடியோ நான் இப்ப மூண்டாந்தரம் பாக்கிறன்."

செலீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லென்று நினைத்த மனுசி மண்ணும் அல்ல, அவளைப்போலவே பொறுத்துப் பொறுத்துப் புழுங்கினவள். சிரித்தாலும் நேரம் நிற்கவில்லை. அவர்கள் ஸூவடிக்கு வந்து சேர்ந்தபோது நாலரைக்கு மேல் ஆகிவிட்டது.

தரிப்பிடத்தில் கழகத்துக் கார்கள் நின்றன, ஆட்கள் இல்லை. ஆட்கள் இருக்கப் போட்டிருந்த வாங்கில் பார்பரா மட்டும் இருந்தாள். றொபேட் கால்மணி நேரம் பார்த்துவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். அவர் மணிக்கூட்டை மட்டும் பார்த்தாராம். செலீனுக்கு அந்தப் பார்வை கண்ணுக்கு முன்னால் வந்தது. வாங்கில் இருந்துகொண்டு தொப்பியை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்ன, ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று மரியம்மா பயந்துபோய்க் கேட்டாள்.

"இல்லை அக்கா. இண்டைக்கு நான் முன்னுக்குப் போகவேண்டிய நடை. எவ்வளவு நாளாப் பாத்துக்கொண்டிருந்தனான். எனக்கெண்டு நான் வேறயொண்டும் கேக்கேல்லை. அது போயிட்டுது."

மரியம்மா காட்டைப் பார்த்தாள்.

"காடு உதிலதானே நிக்குது. உங்களுக்கு வழி தெரியுந்தானே?"

செலீன் மூக்கைத் துடைத்தாள். தெரியும் என்று தலையாட்டினாள். பார்பராவுக்கு அவர்கள் பேசின ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கினவள்போல எழும்பித் தன் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

அப்போதுதான் வான் வந்து நின்றது. அமிர்தநாதர் இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

"என்ன விசர் வேலை இது? ரோட்டு ரோட்டாத் தேடித் திரியிறன். ஏறுங்கோ ரெண்டு பேரும்."

செலீனின் மனதில் மகளின் முகம் வந்து போனது. அவள் வாய் திறக்கும் முன் மரியம்மா சொன்னாள்.

"நாங்கள் நடந்திட்டு வாறம்."

"நடந்திட்டோ? அப்ப நான் எவ்வளவு நேரம் உதில நிக்கிறது?"

"நாங்கள் வாற வரைக்கும்" என்றாள் மரியம்மா.

அமிர்தநாதர் பார்பராவைப் பார்த்தார், காலுறை போட்ட மனைவியின் காலைப் பார்த்தார், வாங்கில் போய் இருந்தார். செலீன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மரியம்மா அவளுக்குப் பின்னால், பார்பரா கடைசியில்.